கவிதையினின்று வரலாற்றுப் புதினத்திற்கு: ஹெலன் டன்மோரின் இலக்கியப் பணி

முன்னுரை

செய்யுளும் உரைநடைக் கதையும் ஒருவரிடத்தே ஒருங்கு சிறத்தல் அரிது. செய்யுள் சுருக்கத்தை வேண்டுவது. புதினம் விரிவை வேண்டுவது. செய்யுளில் ஒரு நொடியின் உணர்வு நிலைபெறும். புதினத்தில் காலம் நடந்து செல்லும். இவ்விரண்டனுள் ஒன்றிற் பயின்ற கை மற்றொன்றிற் புகுங்கால், முன்னைய பழக்கம் பின்னையதற்குத் துணையாகுமோ, தடையாகுமோ என்பது ஆராய்தற்குரியது. எழுதப் புகுவது வரலாற்றுப் புதினமாயின் இவ்வினா மேலும் கடுமையுறும். வரலாறு சான்று கேட்கும். கவிதையோ பட்டறிவு ஒன்றையே தன் சான்றாகக் கொள்ளும்.

ஆங்கில இலக்கியத்தில் இவ்வழிச் சென்றோர் முன்னரும் உளர். ஸ்காத்லாந்து நாட்டு வால்டர் ஸ்காட் 1805 முதல் 1810 வரை வெளியிட்ட நெடுங்கதைப் பாடல்களாற் பெரும்புகழ் எய்தினார். பைரனின் புகழ் எழுந்த பின்னர், 1814இல் 'வேவர்லி' என்னும் வரலாற்றுப் புதினத்தைத் தம் பெயர் குறியாமலே வெளியிட்டார். ராபர்ட் கிரேவ்ஸ் முதல் உலகப்போரிற் பொருது மீண்ட கவிஞர்; உரோமப் பேரரசன் கிளாடியசு தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்த இரு புதினங்களை 1934இல் எழுதினார். அவர் தம்மைக் கவிஞர் என்றே கருதினார். புதினம் அவர்க்குப் பொருளீட்டும் வாயிலாயிற்று. தாமஸ் ஹார்டியோ இதற்கு மறுதலையாக, 1895இல் வெளிவந்த புதினத்தோடு அத்துறையினின்று நீங்கிக் கவிதைக்கே தம்மை ஒப்படைத்தார். இம்மூவரிடத்தும் ஒன்று முதன்மையாகவும் மற்றொன்று அதற்கு அடங்கியதாகவும் நின்றமை காணலாம்.

நம் காலத்து ஆங்கிலக் கவிஞர் ஹெலன் டன்மோர் (1952-2017) இவர்களின் வேறுபட்டவர். முப்பதாம் அகவையிற் கவிஞராக அறிமுகமாகி, நாற்பதாம் அகவையிற் புதினத்துறை புகுந்து, வரலாற்றுப் புதின ஆசிரியராகப் பெரும்பெயர் பெற்ற இவர், கவிதையை ஒருகாலும் கைவிட்டிலர். ஆதலின், 'கவிஞராயிருந்து புதின ஆசிரியரானவர்' என்னும் பொதுவழக்கு இவர்திறத்து எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. கவிஞர் ஒருவர் வரலாற்றை எழுதப் புகுந்தமையால் வரலாற்றுப் புதினம் பெற்ற பேறு யாது, இழந்தது யாது என்பதனையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

வாழ்வும் கவிதைத் தொடக்கமும்

டன்மோர் 1952ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் யார்க்ஷயர்ப் பகுதியைச் சார்ந்த பெவர்லி என்னும் ஊரிற் பிறந்தார். யார்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர்ப் பின்லாந்து நாட்டில் ஈராண்டு ஆசிரியப்பணி புரிந்தார். வடபுலத்து நெடுங்குளிரும், உறைந்த நீர்ப்பரப்பும், குறுகிய பகற்பொழுதும் அங்கு அவர் கண்டு பழகியவை. லெனின்கிராடு நகரத்துப் பனிக்காலத்தைப் பின்னர் அவர் எழுதுங்கால் இப்பழக்கம் பெரிதும் பயன்பட்டிருத்தல் வேண்டும். வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் பிரிஸ்டல் நகரிற் கழித்தார். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் கடற்கரையும் அவர் எழுத்தில் நீங்கா இடம் பெற்றது.

அவர்தம் முதற் கவிதைத் தொகுதி 'தி ஆப்பிள் ஃபால்' 1983இல் வெளிவந்தது. அதனை வெளியிட்ட பிளட்ஆக்ஸ் பதிப்பகம் 1978இல் நியூகாசில் நகரில் தோன்றியது. தலைநகர்க்கு அப்பாலிருந்து புதுக்கவிஞர் பலரை, குறிப்பாகப் பெண்பாற் கவிஞரை, உலகறியச் செய்த பெருமை அதற்கு உண்டு. 'தி சீ ஸ்கேட்டர்' (1986), 'தி ரா கார்டன்' (1988) முதலிய தொகுதிகள் அதனைத் தொடர்ந்தன.

இவர் கவிதையின் இயல்புகள் ஈண்டு அறியத்தக்கன, என்னை? பின்வந்த புதினங்களின் வித்து அவற்றுள் உளது. உண்பொருள், கனி, பால், குழவியின் உடல், கடல்நீரின் தண்மை என ஐம்பொறிகட்குப் புலனாவனவற்றைக் கொண்டே இவர் கருத்தைத் தோற்றுவிப்பார். கருத்தை வெளிப்படக் கூறுதல் குறைவு. சொல் எளியது; ஓசை அடங்கியது. 'தி ரா கார்டன்' என்னும் தொகுதியில், இயற்கை எனக் கருதப்படும் நிலக்காட்சி மனிதர் கை பல்லாண்டு திருத்தியதன் விளைவே என்னும் எண்ணம் அடிநாதமாக ஒலிக்கின்றது. கண்முன் நிற்கும் நிலத்தினுள் மறைந்துபோன உழைப்பாளரைக் காணும் கண் வரலாற்றாசிரியர்க்குரிய கண்ணேயாம். புதினம் எழுதுதற்கு முன்னரே வரலாற்றுணர்வு இவர் கவிதையிற் கருக்கொண்டிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

முதற் புதினம்

1993இல் வெளிவந்த 'சென்னர் இன் டார்க்னஸ்' இவர்தம் முதற் புதினம். சென்னர் என்பது கார்ன்வாலிலுள்ள ஒரு சிற்றூர். முதல் உலகப்போரின்போது டி. எச். லாரன்ஸ் தம் ஜெர்மானிய மனைவி ஃபிரீடாவுடன் அவ்வூர்ப் புறத்தே சிறுவீடொன்றிற் குடியிருந்தார். பகைநாட்டு நீர்மூழ்கிகள் அக்கடற்பகுதியிற் கப்பல்களை அழித்துவந்த காலம் அது. ஒற்றர் என ஐயுறப்பட்டு, 1917 அக்டோபரில் அவ்விருவரும் கார்ன்வாலை விட்டு நீங்குமாறு ஆணையிடப்பட்டனர். இவை வரலாற்றுச் செய்திகள். இத்துன்பத்தை லாரன்சே 1923இல் வெளியான 'கங்காரு' என்னும் தம் புதினத்திற் பதிந்துள்ளார்.

டன்மோர் இச்செய்தியை எடுத்துக்கொண்ட முறை கருதற்பாலது. லாரன்ஸை அவர் நடுவிடத்தில் நிறுத்தவில்லை. கிளேர் காயின் என்னும் இளம்பெண்ணை, செடிகொடிகளை ஓவியமாகத் தீட்டுபவளை, படைத்துக்கொண்டு, அவள் கண்வழியே ஊரையும் போரையும் லாரன்ஸையும் காட்டுகின்றார். போர்முனையினின்று விடுப்பில் வரும் அவள் உறவினன் ஜான் வில்லியம் தன்னுட் சுமந்து வரும் அச்சம் ஊரார்க்குத் தெரியாதது. புகழ்பெற்றோர் பெயர் வரலாற்றில் நிற்கும். கிளேர் போன்றோர் பெயர் நில்லாது. நில்லாதவரை நடுவே நிறுத்தி, நின்றவரை அவர்தம் அயலாராகக் காட்டும் இம்முறையே பின்னைய புதினங்கள் பலவற்றிற்கும் அடித்தளமாயிற்று.

நாற்பது அகவை கடந்தோர் எழுதும் முதற் புதினத்திற்கு வழங்கப்பெறும் மெக்கிட்டெரிக் பரிசு 1994இல் இந்நூற்குக் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைக் களமாகக் கொண்ட 'எ ஸ்பெல் ஆஃப் வின்டர்' (1995), பெண்பாற் புதின ஆசிரியர்க்கென 1996இல் நிறுவப்பெற்ற ஆரஞ்சுப் பரிசினை முதன்முதற் பெற்ற நூல் என்னும் சிறப்புடையது. 1991ஆம் ஆண்டின் புக்கர் பரிசு இறுதிப்பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரும் இடம்பெறாமையே இப்பரிசு தோன்றுதற்குக் காரணமாயிற்று. அரசியல் வரலாற்றில் மட்டுமன்றி இலக்கிய வரலாற்றிலும் பெயர் விடுபடுதல் உண்டு என்பதற்கு இது சான்று.

'முற்றுகை': கருப்பொருளின் வழி வரலாறு

டன்மோரின் புகழை நிலைநிறுத்திய புதினம் 2001இல் வெளிவந்த 'தி சீஜ்'; 'முற்றுகை' என்பது அதன் பொருள். லெனின்கிராடு நகரம் 1941 செப்டம்பர் 8 முதல் 1944 சனவரி 27 வரை, 872 நாட்கள், ஜெர்மானியப் படையின் முற்றுகையில் அகப்பட்டுக் கிடந்தது. முற்றுகை தொடங்கிய நாளன்றே பதாயெவ் உணவுக் கிடங்குகள் குண்டுவீச்சில் எரிந்தன. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, ஆலைத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 250 கிராமும் ஏனையோர்க்கும் குழந்தைகட்கும் 125 கிராமும் ரொட்டி வழங்கப்பெற்றது. அந்த ரொட்டியும் தூய மாவினால் ஆயதன்று. மரக்கூழும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் அதனுட் கலந்திருந்தன. பசியாலும் குளிராலும் இறந்தோர் 6,32,000 பேர் எனச் சோவியத்து அரசு நூரம்பர்க் நீதிமன்றத்திற் கூறிற்று. உண்மைத்தொகை இதனினும் மிகுதி என்பது பின்வந்த ஆய்வாளர் பலர் முடிபு.

இத்துணைப் பேரழிவை ஒரு புதினம் எவ்வாறு தாங்கும்? டன்மோர் அதனை ஒரு வீட்டினுள் அடக்குகின்றார். அன்னா லெவின் ஓர் இளம்பெண், மழலையர் காப்பகத்திற் பணிபுரிபவள், ஓவியத்தில் நாட்டமுடையவள். தந்தை மிகயில் அரசின் அருளை இழந்த எழுத்தாளர். தாய் மகப்பேற்றின்போது இறந்தமையால், ஐந்து அகவைத் தம்பி கோல்யாவிற்கு அன்னாவே தாய். தந்தையின் பழைய தோழியாகிய மரீனா என்னும் நடிகையும், அந்திரேய் என்னும் இளம் மருத்துவனும் அவ்வீட்டில் வந்து சேர்கின்றனர். ஐவர், ஓர் அறை, ஓர் அடுப்பு. இதுவே அப்புதினத்தின் உலகம்.

தமிழிலக்கணத்தார் பாடற்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தனர். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து உணவு, தொழில், விலங்கு, கருவி முதலாயின கரு. மாந்தர் ஒழுக்கம் உரி. இப்பாகுபாடு டன்மோரின் முறையை விளக்கப் பெரிதும் உதவும். வரலாற்றுப் புதின ஆசிரியர் பலர் வரலாற்றை முதற்பொருளாக, நிகழ்ச்சி நடக்கும் களமாகவும் காலமாகவும் மட்டும் நிறுத்தி, அதன்மேற் கதையை ஓட்டுவர். டன்மோரோ வரலாற்றைக் கருப்பொருளில் வைக்கின்றார். அளந்து நறுக்கிய ரொட்டித்துண்டு, பங்கீட்டு அட்டை, உறைந்த ஆற்றில் துளையிட்டு மொண்ட நீர், அடுப்பெரிக்க உதவும் ஒரு மரத்துண்டு ஆகியவற்றின் மாற்றத்திலேயே முற்றுகையின் வளர்ச்சி நமக்குப் புலனாகின்றது. பகைப்படை எத்துணை அண்மையில் உளது என்பதனினும், இன்று ரொட்டி எத்துணைச் சிறிது என்பதே அன்னாவின் அறிவு. 125 கிராம் என்பது வரலாற்று நூலில் ஓர் எண். புதினத்தில் அது கோல்யாவின் உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு. இவ்வாறு எண்ணைப் பொருளாக்கிக் காட்டுதல் கவிதைப் பயிற்சியின் கொடை.

நகரின் உணவுப் பொறுப்பை ஏற்ற பாவ்லொவ் என்னும் அதிகாரியும் இப்புதினத்தில் இடம்பெறுகின்றார். அவர் வரலாற்று மனிதர். இருப்பு எத்துணை, வாய்கள் எத்துணை எனக் கணக்கிடும் அவர் மேசை ஒருபுறம். அக்கணக்கின் முடிபு சென்று சேரும் அடுப்பங்கரை மறுபுறம். இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி, அரசாணைக்கும் குடும்பத்தின் பசிக்கும் உள்ள தொடர்பினை விளக்கவுரை இன்றியே ஆசிரியர் உணர்த்துகின்றார்.

'துரோகம்': நினைவை அழிக்கும் அரசு

2010இல் வெளிவந்த 'தி பிட்ரேயல்' அக்கதையின் தொடர்ச்சி. துரோகம் என்பது அதன் பொருள். காலம் 1952. முற்றுகையிற் பிழைத்த அன்னாவும் அந்திரேயும் மணந்து வாழ்கின்றனர், கோல்யா இளைஞனாகிவிட்டான். அந்திரேய் குழந்தை மருத்துவன். இரகசியக் காவற்றுறையின் உயர் அதிகாரியான வோல்கொவ் என்பவரின் மகன் எலும்புப் புற்றுநோயோடு அவனிடம் வருகின்றான். நோயைச் சொல்லினும் இடர். சொல்லாது விடினும் இடர். சிறுவனின் கால் நீக்கப்படுகின்றது. நோயோ நுரையீரலிற் பரவிவிடுகின்றது. பழி மருத்துவன்மேல் விழுகின்றது.

இதன் பின்னணி கற்பனையன்று. 1953 சனவரி 13ஆம் நாள், அரசுத் தலைவர்களைக் கொல்ல மருத்துவர் குழுவொன்று சதிசெய்தது எனச் சோவியத்து இதழ்கள் குற்றஞ்சாட்டின. குற்றஞ்சாட்டப்பெற்றோருட் பலர் யூதர். மார்ச் 5ஆம் நாள் ஸ்டாலின் இறந்தபின், ஏப்ரலில் அக்குற்றச்சாட்டு பொய்யென அரசே ஒப்புக்கொண்டது.

இவ்விரு புதினங்களையும் இணைத்து நோக்கும்போது மற்றோர் உண்மையும் விளங்கும். முற்றுகைக் காலத்து நகரமக்கள் பட்ட துன்பத்தைக் காட்டும் பொருட்டு லெனின்கிராட்டிற் பாதுகாப்பு அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. நகரத்துத் தலைவர்கள் 1949இல் ஒடுக்கப்பட்டபோது அதுவும் மூடப்பட்டது. பகைவனை எதிர்த்துப் பிழைத்த நகரத்தின் தனிநினைவு அரசுக்கு அச்சந்தருவதாயிற்று. முன்னைய புதினத்தில் உணவு மறுக்கப்படுகின்றது. பின்னையதில் நினைவு மறுக்கப்படுகின்றது. அரசு விரும்பாத நினைவு வீட்டினுள், குடும்பத்தின் தாழ்ந்த குரற் பேச்சினுள், எவ்வாறு காக்கப்படுகின்றது என்பதே 'துரோகம்' எழுப்பும் வினா. வரலாற்றுப் புதினத்தின் தேவை எது என்று கேட்போர்க்கு இதனினும் தெளிந்த விடை கூறுதல் அரிது.

கவிஞரே கதைமாந்தராதல்

கவிதையும் கவிஞரும் டன்மோரின் புதினங்களில் அடிக்கடி தோன்றுதலும் கருதத்தக்கது. லாரன்ஸ் கவிஞருமாவார். 2008இல் வெளிவந்த 'கவுன்ட்டிங் தி ஸ்டார்ஸ்' உரோமக் கவிஞர் கட்டலசின் காதலைப் பொருளாகக் கொண்டது. அவர் 'லெஸ்பியா' எனப் பெயரிட்டுப் பாடிய பெண் கிளோடியா என்னும் உயர்குடிப் பெண் என்பது நெடுங்காலமாக அறிஞர் பலர் கொண்ட கருத்து. கிளோடியாவைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் இரண்டு வாயில்களால் வந்தவை: ஒன்று காதலனின் பாடல், மற்றொன்று கி.மு. 56இல் சிசரோ நிகழ்த்திய வழக்குரை. காதலன் புகழ்ந்தும் வெறுத்தும் பாடினான். வழக்கறிஞரோ தம் கட்சிக்காரனைக் காத்தற்பொருட்டு அவளை இழித்துரைத்தார். அவள் தன் வாயாற் கூறிய சொல் ஒன்றும் நமக்கு எட்டவில்லை. இந்த வெற்றிடமே புதினத்திற்கு வாயில் திறந்தது.

2014இல் வெளிவந்த 'தி லை' முதல் உலகப்போரினின்று மீண்டு 1920இற் கார்ன்வாலில் தனித்து வாழும் டேனியல் என்னும் இளைஞனின் கதை. அவன் ஏழை, பள்ளிப்படிப்பைத் தொடர இயலாதவன், ஆயினும் செல்வர் வீட்டு நூலகத்திற் படித்த பாடல்களை மறவாத நினைவாற்றல் உடையவன். போர்க்களத்தில் இழந்த நண்பனின் உருவமும், படித்த பாடல்களும் அவன் உள்ளத்தில் ஒருங்கே வாழ்கின்றன. போர்க்கவிஞர் எனப் போற்றப்படுவோருட் பலர் கற்ற குடியிற் பிறந்த படைத்தலைவர்கள். டேனியல் போன்ற வீரர் பலர் பாடலை நெஞ்சிற் சுமந்தனர். தாம் பாடி வைத்திலர். பாடாது போனவனின் நெஞ்சத்தை ஒரு கவிஞர் புதினமாக எழுதினார் என்பது இந்நூலின் தனிச்சிறப்பு.

தடைகளும் விடைகளும்

இம்முறைமேல் எழத்தக்க தடைகளையும் எண்ணிப் பார்த்தல் நடுநிலையாளர் கடன்.

முதலாவது, வரலாற்றின் காரணகாரியம் இப்புதினங்களில் மெலிந்து நிற்கின்றது என்பது. 'முற்றுகை'யைப் படித்து முடித்த ஒருவர், அந்நகரம் ஏன் முன்னேற்பாடின்றி அகப்பட்டது என்பதனை முழுதும் அறியமாட்டார். ஹிலரி மான்டெல் 2009இல் வெளியிட்ட 'உல்ஃப் ஹால்' புதினத்தில், எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் வாயிலாக ஆட்சியின் உட்பொறி இயங்கும் வகை தெளிவாகக் காட்டப்படுகின்றது. டன்மோரிடத்தே அத்தகைய விளக்கம் இல்லை என்பது உண்மை. அதிகாரத்தை ஏந்துவோரின் வரலாறு ஒன்று. அதிகாரத்தை ஏற்றுத் துன்புறுவோரின் வரலாறு மற்றொன்று. பின்னையதைத் தேர்ந்தவர் முன்னையதன் நன்மையை ஓரளவு இழந்தே தீர்தல் வேண்டும்.

இரண்டாவது, சான்றில்லா இடத்திற் கற்பனை புகுதல் வரலாற்றைத் திரித்தலாகாதோ என்பது. கட்டலசின் பாடல்கள் காலமுறையில் நமக்குக் கிடைத்தில. அவற்றை ஒரு காதற்கதையின் வரிசையில் நிறுத்தியது புதின ஆசிரியரின் செயலே. பாடலுக்குரிய பன்முகப் பொருள் இதனால் ஒருமுகப்படும் என்னும் குறை இந்நூலில் உண்டு எனலே நேர்மை. பிற புதினங்களில் இக்குறை மிகச் சிறிது. தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் சேர்த்தே புலனெறி வழக்கம் வகுத்தார். உலகியலொடு முரணாத புனைவே அந்நெறிப்படி இலக்கியமாகும். அன்னாவும் கிளேரும் புனைவு. ரொட்டியின் அளவும் வெளியேற்ற ஆணையும் உலகியல். பின்னையதனை மாற்றாமல் முன்னையதனைப் படைத்தமையால் டன்மோர் அவ்வெல்லையைக் காத்தார்.

மூன்றாவது, பிறர் பட்ட துன்பத்தைத் தான் படாதவர் எழுதலாமோ என்பது. இது அறம் பற்றிய வினா, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. லெனின்கிராட்டில் வாழ்ந்தோர் எழுதிய நாட்குறிப்புகளும் கவிதைகளும் உளவாக, இங்கிலாந்திற் பிறந்தவர் ஏன் எழுதவேண்டும் எனலாம். துன்பத்தை வியப்புக்குரிய காட்சியாக்கினால் அது குற்றமே. டன்மோர் அவ்வாறு செய்யாமைக்கு அவர்தம் கவிதை நடையே காவல். பசியை மிகைபடக் கூறுதலைத் தவிர்த்து, அடுப்பின் சாம்பலையும் உறங்கும் சிறுவனின் மூச்சையும் மட்டும் கூறி அமைகின்றார். கூறாது விடுதலின் வன்மையைச் செய்யுளிற் கற்றவர்க்கே இவ்வடக்கம் இயலும்.

இறுதி நூல்கள்

2017ஆம் ஆண்டு டன்மோரின் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று புதினம், மற்றொன்று கவிதை. 'பேர்ட்கேஜ் வாக்' என்னும் புதினம் 1792ஆம் ஆண்டுப் பிரிஸ்டலைக் களமாகக் கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியின் செய்திகள் கப்பல்வழி வந்துகொண்டிருந்த காலம். நகரின் கிளிஃப்டன் மேட்டில் செல்வர்க்கென அழகிய மாளிகைத்தொடர்கள் எழுந்தன. 1793 சனவரியிற் பிரெஞ்சு மன்னன் கொல்லப்பட்டான். பிப்ரவரியில் இங்கிலாந்தும் பிரான்சும் போரில் இறங்கின. கட்டட வாணிகம் சரிந்தது. 1791இல் தொடங்கிய ராயல் யார்க் கிரெசன்ட் என்னும் வளைவு மாளிகை 1820 வரை முற்றுப்பெறாமல் நின்றது. இச்சரிவினை டைனர் டிரெடவன்ட் என்னும் கட்டட வாணிகனின் வீழ்ச்சியாகவும், அவன் மனைவி லிசியின் அச்சமாகவும் ஆசிரியர் காட்டுகின்றார்.

இப்புதினத்தின் உயிர் லிசியின் தாய் ஜூலியா ஃபாக்ஸிடத்தே உளது. அவள் மக்களுரிமைக்காக எழுதிய எழுத்தாளர், மகப்பேற்றின்பின் இறந்துபடுகின்றாள். புதினத்தின் தொடக்கத்தில், இக்காலத்து மனிதன் ஒருவன் புதர் மண்டிய பழைய இடுகாட்டில் அவள் கல்லறைக் கல்லைக் காண்கின்றான். அவள் சொற்கள் பின்னோர்க்கு உரிமைப் பொருளாக நிற்கும் என்னும் கருத்துடைய எழுத்து அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. தேடிப் பார்க்குமிடத்து, அவள் எழுதியதாக ஒரு வரியும் எங்கும் கிடைத்திலது. நிற்கும் என்று கல் கூறியது நிற்கவில்லை. கூறிய கல்லே நின்றது. பெண் எழுத்தாளர் எத்துணைப் பேர் இவ்வாறு மறைந்தனர் என்னும் எண்ணம் படிப்போர் நெஞ்சில் எழாமற் போகாது.

இப்புதினத்தை எழுதுங்காலத்து டன்மோர் தீராத நோயுற்றிருந்தார். அதனை அப்போது அறிந்திலர். அறிவுக்கு எட்டாத செய்தியைப் படைக்கும் உள்ளம் முன்னரே உணர்ந்திருத்தல் கூடும் என்று நூலின் பின்னுரையில் அவரே கருதுகின்றார். அறிந்தபின் எழுதியவை பலவும் 'இன்சைட் தி வேவ்' என்னும் கவிதைத் தொகுதியில் அடங்கின. அத்தொகுதியிலும் பழங்கதை உண்டு. நெடும்பயணம் முடித்து இல்லம் மீண்ட ஒடிசியசு கடலையே நோக்கி நிற்கின்றான். இறுதிவரையிலும் தம் அனுபவத்தைப் பழங்காலத்தின் ஒருருவில் நிறுத்திக் காண்பதே அவர் இயல்பு. 2017 சூன் 5ஆம் நாள் அவர் பிரிஸ்டலில் மறைந்தார். இறத்தற்குச் சின்னாள் முன்னர் எழுதிய ஒரு பாடல் பின்னைய அச்சிற் சேர்க்கப்பெற்றது. அதன்கண் இறப்பை அவர் ஒரு தாயாக விளிக்கின்றார். 2018 சனவரியில் இத்தொகுதி கோஸ்டா பரிசின் கவிதைப் பிரிவிலும், அனைத்துப் பிரிவுகட்கும் பொதுவான ஆண்டின் சிறந்த நூல் என்னும் நிலையிலும் வெற்றிபெற்றது. மறைந்த பின்னர் ஒருவர்க்கு அப்பொதுப்பரிசு வழங்கப்பெற்றது, டெட் ஹியூசுக்குப்பின் இதுவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், டன்மோர் கவிதையை விட்டுப் புதினத்திற்கு வந்தவர் என்னும் கூற்று பொருந்தாமை விளங்கும். முதல் நூலும் கவிதை. வாழ்நாளில் வெளிவந்த இறுதி நூலும் கவிதை. இடைப்பட்ட புதினங்களிலும் பொருளைத் தேர்தல், கூறாது விடுதல், கருப்பொருளின் வழி உணர்த்தல் ஆகிய கவிதை நெறிகளே தொழிற்படுகின்றன. ஸ்காட்டிற்கும் கிரேவ்சுக்கும் புதினம் மற்றொரு தொழிலாயிற்று. டன்மோர்க்கு அது கவிதையால் எட்டமுடியாத ஓர் இடத்தை எட்டும் வழியாயிற்று. தனிப்பாடல் ஒருவரின் ஒரு நிலையைக் காட்டும். ஒரு முற்றுகையின் நூற்றுக்கணக்கான நாட்களை, ஐவர் ஒரு துண்டு ரொட்டியைப் பகிர்ந்துண்டு கடக்கும் நெடும்பொழுதைக் காட்டப் புதினமே வேண்டும்.

இவ்வாராய்ச்சியால் ஒரு பொதுவுண்மையும் பெறப்படும். சான்றுகள் பெரும்பாலும் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் படைத்தலைவர் பாசறையிலும் தோன்றுவன. அடுக்களையிலும் தொட்டிலருகிலும் தோன்றியவை அழிந்தன. வரலாற்றாசிரியர் சான்று நின்ற இடத்தில் நிற்கவேண்டியவர். அதற்கப்பால் ஓரடி எடுத்து வைக்கும் உரிமை புதின ஆசிரியர்க்கு உண்டு. ஆயின் அந்த ஓரடியையும் அளந்து வைத்தல் வேண்டும். அளந்து வைக்கும் பயிற்சியைச் செய்யுள் தரும் என்பதற்கு ஹெலன் டன்மோரின் நூல்கள் தக்க சான்று. ஒப்பிலக்கியம் பயில்வோரும், வரலாற்றுப் புதினத்தின் இலக்கணத்தை வகுக்க முற்படுவோரும் இவற்றை முழுமையாக ஆராய்தல் பயன்தரும்.